நான்காம் தொட்டியின் பதினொரு நாள்

குடிநீர் வாரியத்தின் கட்டுப்பாட்டு அறையில் அவளுக்கு ‘லெவல் அக்கா’ என்று பெயர். நகரத்துக்குத் தண்ணீர் கொடுக்கும் ஒன்பது மேல்நிலைத் தொட்டிகளில் எதில் எவ்வளவு நிற்கிறது என்பதைத் திரையைப் பார்க்காமலே ஏறக்குறைய சொல்லிவிடுவாள். பத்தொன்பது வருடமாக அதே மேசை, அதே நாற்காலி. நாற்காலிக்கு இரண்டு முறை உறை மாற்றியாயிற்று, ஆள் மாறவில்லை. வால்வு திறக்கிற ஆட்கள் வெளியிலிருந்து போன் செய்தால், “அக்கா, இங்க எத்தனை நிக்குது?” என்றுதான் ஆரம்பிப்பார்கள். அதற்குப் பிறகுதான் மற்றப் பேச்சு.

தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவது, நிரம்பினால் மோட்டாரை நிறுத்துவது, வால்வு ஆட்களுக்குச் செய்தி அனுப்புவது எல்லாவற்றையும் பதினான்கு ஸ்கிரிப்டுகள் கவனித்துக்கொண்டன. கணினிக்குள் உட்கார்ந்துகொண்டு, சொன்னதைச் சொன்னபடி செய்கிற சின்னச் சின்ன நிரல்கள். அவற்றை எழுதியவர் அங்கே முன்பு வேலை பார்த்த ஒருவர். அலுவலகத்தில் அவருக்கு ‘மௌனி’ என்று பெயர். நிரல் எழுதுகிறவர்கள், இந்த வரி எதற்கு என்று பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதிவைப்பார்கள். மௌனிக்கு அந்தப் பழக்கமே கிடையாது. “வாயிலயும் வராது, எழுத்துலயும் வராது” என்று ஆட்கள் சிரிப்பார்கள்.

அந்த மௌனிதான் லெவல் அக்காவின் கணவர். கணவராக இருந்தவர் என்று சொல்ல வேண்டும். பிரிந்து ஏழு வருடம் ஆகிறது.

அந்த வருடம் மே மாதத்தில் ஒரு நாள் இரண்டாம் தொட்டி நிரம்பி, நான்கு மணி நேரம் வழிந்தது. கீழே தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். ஓர் அச்சகத்தில் அடுக்கிவைத்திருந்த காகிதக் கட்டுகள் ஊறி, ரொட்டி மாதிரி உப்பிப் போயின. விசாரித்துப் பார்த்தால், ஸ்கிரிப்ட் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தது. ‘இரண்டாம் தொட்டி நிரம்புகிறது, வால்வை மூடவும்’ என்று செய்தி அனுப்பியிருந்தது. ஆனால் அது போன எண், ஓய்வுபெற்றுப் போன ஒரு வால்வு ஆளுடையது. அவர் அந்த எண்ணை விட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. போன் கம்பெனி அதை ஒரு தையற்காரருக்குக் கொடுத்துவிட்டது. மற்ற நாட்களில் மோட்டார் தானாக நின்றதால் யாருக்கும் இது தெரியவில்லை. அன்றைக்கு ஸ்விட்ச் பழுதாகி மோட்டார் நிற்கவில்லை.

தையற்காரரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். “ஏதோ விளம்பரம்னு நினைச்சேங்க. ஒரு தடவை பதில்கூடப் போட்டேன், எங்க வீட்ல தொட்டியே இல்லைங்கன்னு” என்றார் அவர். விசாரணைக்கு வந்த பெரிய அதிகாரிகூடச் சிரித்துவிட்டார்.

புதிதாக வந்திருந்த இன்ஜினியர் அம்மா சிரிக்கவில்லை. அவளுக்கு முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். ஸ்கிரிப்டுகளைத் திறந்து பார்த்துத் தலையில் கையை வைத்துக்கொண்டாள். தொட்டியின் உயரம், மோட்டார் போடுகிற நேரம், ஆட்களின் போன் எண் என்று எல்லாமே நிரலின் வரிகளுக்குள் ஆணி அடித்தாற்போலப் பதிந்து கிடந்தன. ஆள் மாறினாலும் நேரம் மாறினாலும் நிரலுக்கு அது தெரியாது. அவள் உத்தரவு போட்டாள். எல்லா எண்களையும் வெளியே எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் கொடுத்து, ஒரே செட்டிங்ஸ் ஃபைலில் வைக்க வேண்டும். ஸ்கிரிப்ட் அந்தப் பெயரை மட்டும் கேட்டு, மதிப்பை அங்கிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு எது மாறினாலும் ஃபைலில் ஓர் இடத்தில் மாற்றினால் போதும். ஜூலை முடிவதற்குள் வேலை முடிய வேண்டும்.

“ஒரு ஆளோட நம்பர்கூட உள்ள இருக்கக் கூடாது. அன்னைக்கு டூட்டி யாரோ, அவங்களுக்குத்தான் மெசேஜ் போகணும்” என்றாள். அந்த வேலையை லெவல் அக்காவிடம் கொடுத்தாள்.

“நான் லெவல் பாக்கற ஆளு, மேடம்.”

“நீங்கதானே மூணு மாசம் அந்தக் கம்ப்யூட்டர் கோர்ஸுக்குப் போயிட்டு வந்தீங்க? அதுவும் போக, இந்தத் தொட்டிங்களை உங்களைவிடத் தெரிஞ்சவங்க இங்க யாரு?”

அறையில் இருந்த மூத்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். யாரோ பிறகு காதில் போட்டிருக்க வேண்டும். மறுநாள் காலையில் இன்ஜினியர் அம்மா மேசைக்கே வந்து நின்றாள். “எனக்குத் தெரியாது. வேணும்னா வேற யார்கிட்டயாவது கொடுத்துடறேன்” என்றாள்.

“வேண்டாம் மேடம். வெறும் எழுத்துதானே. எழுத்து என்னை என்ன பண்ணப் போகுது?”

இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆனது அதே அறையில் வேலை பார்த்தபோதுதான். மௌனி பேசாததை அவள் முதலில் அடக்கம் என்று நினைத்தாள். பிறகு பழகிக்கொண்டாள். அவர் பேசாத பங்கையும் சேர்த்து அவளே பேசினாள். மூன்றாவது வருடம் அவள் உண்டானாள். ஏழாம் மாதத்திலேயே, ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி, குழந்தை பிறந்துவிட்டது. பெண். ஒரு கையில் அடங்கிவிடுகிற அளவு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். ஒன்பதாம் நாள் காய்ச்சல் கண்டது. பதினோராம் நாள் காலையில் போய்விட்டது.

குழந்தை போன மூன்றாம் நாளே மௌனி வேலைக்குப் போனார். குழந்தையைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார். ஒரு வருடம் கழித்து, குழந்தை இறந்த அதே தேதியில், வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்தார். அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, “இன்னைக்கு என்ன நாள்னு தெரியுதா?” என்று கேட்டாள். அவர் நிமிர்ந்து பார்க்காமல், “புதன்கிழமை” என்றார்.

அந்த ஒரு சொல்லை அவளால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஆகஸ்ட் வந்தால் அவருடைய போன் மணிக்கொரு தடவை சிணுங்கும். எடுத்துப் பார்த்துவிட்டுச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். யார் என்று கேட்டால், “ஆபீஸ்” என்பார். அவளும் அதே ஆபீஸில்தான் இருக்கிறாள். அவளுக்குத் தெரியாத ஆபீஸ் எது? யாரோ ஒருத்தி இருக்கிறாள் என்று முடிவு கட்டினாள். சண்டை போட்டாள். அவர் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாத மனிதரோடு எத்தனை நாள்தான் சண்டை போடுவது? குழந்தை போன ஐந்தாம் வருடம் அவள் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். மௌனி வேலையை விட்டு வேறு நகரத்துக்குப் போனார். அங்கே வேறு கல்யாணம் செய்துகொண்டார், ஒரு பையன் இருக்கிறான் என்று கேள்வி. அவர் போன பிறகு ஸ்கிரிப்டுகளை யாரும் தொடவில்லை. ஓடுகிறதை ஏன் நோண்ட வேண்டும் என்று விட்டுவிட்டார்கள்.

ஜூன் முதல் வாரத்தில் அவள் வேலையைத் தொடங்கினாள். முதல் ஸ்கிரிப்டில் நாற்பத்தோரு எண்கள். ஒவ்வொன்றும் எதற்கு என்று கண்டுபிடிப்பதுதான் பாடு. 1140 என்று ஓரிடத்தில் இருந்தது. பழைய மோட்டார் சூடு தணியப் பத்தொன்பது நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று வால்வு ஆள் ஒருவர் சொல்லி, அது நொடிக் கணக்கு என்று புரிந்தது. அந்த மோட்டாரைக் கழற்றியே நாலு வருடம் ஆகிறது. இல்லாத மோட்டாருக்காக ஸ்கிரிப்ட் தினமும் காத்துக்கொண்டிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. இப்படி ஒன்று ஒன்றாகப் பிடுங்கி, பெயர் வைத்து, ஃபைலில் போட்டு, ஓட்டிப் பார்த்து, அடுத்ததற்குப் போனாள். அவருடைய கை எங்கும் தெரிந்தது. அவர் வரிகளை எப்படி உள்ளே தள்ளி எழுதுவார், எந்த இடத்தில் ஒரு வெற்று வரி விடுவார் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் அது வலிக்கவில்லை. வலிக்காதது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

நான்காம் தொட்டி ஸ்கிரிப்டுக்கு ஜூலை இரண்டாம் வாரம் வந்து சேர்ந்தாள். அரசு மருத்துவமனைக்குத் தண்ணீர் கொடுக்கிற தொட்டி அது. நூற்றுப் பன்னிரண்டாம் வரியில் நின்றுவிட்டாள்.

மாதம் எட்டாக இருந்து, தேதி பன்னிரண்டிலிருந்து இருபத்திரண்டுக்குள் இருந்தால், தொட்டியின் மட்டம் நூறு சதவீதத்திலிருந்து இறங்கக் கூடாது என்று எழுதியிருந்தது. மற்ற நாட்களில் எண்பத்தைந்து. அந்தப் பதினொரு நாளும் மணிக்கு ஒரு முறை, ‘நான்காம் தொட்டி நிறைந்துள்ளது’ என்று ஓர் எண்ணுக்குச் செய்தி போக வேண்டும். எண் அவருடையது. அந்த நாட்களைக் குறிக்க அவர் ஒரு பெயர் வைத்திருந்தார். பெண் பிறந்தால் வைக்க வேண்டும் என்று அவர்கள் இருவரும் பேசி வைத்திருந்த பெயர் அது. வைக்கவேயில்லை. மருத்துவமனையில் கையில் கட்டிய அட்டையில் ‘பெண் குழந்தை’ என்று மட்டும்தான் இருந்தது.

அனுப்பிய செய்திகளின் பட்டியலைத் திறந்தாள். ஒவ்வொரு ஆகஸ்டிலும் இருநூற்று அறுபத்து நான்கு. போன வருடமும் இருநூற்று அறுபத்து நான்கு. எல்லாவற்றுக்கும் எதிரே ‘சேர்ந்தது’ என்று இருந்தது. ஏழு வருடமாக வேறு ஊரில், வேறு வீட்டில், அந்த எண்ணை மாற்றாமல் வைத்திருக்கிறார்.

ஆபீஸ் என்று அவர் சொன்னது ஆபீஸேதான்.

ஆனால் தண்ணீர் எதற்கு? தொட்டி நிறைந்திருக்கிறது என்று தெரிந்து அவருக்கு என்ன ஆக வேண்டும்? அது அவளுக்கு விளங்கவில்லை. பதிவேடுகள் இருக்கிற அறைக்குப் போய், பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய ஆகஸ்ட் லாக் புக்கைத் தேடி எடுத்தாள். அவள் பிரசவ விடுப்பில் இருந்த மாதம். அதனால் அந்தப் பக்கங்களை அவள் பார்த்ததே இல்லை. பதினெட்டாம் தேதிக்குக் கீழே அவர் கையெழுத்து. ‘நான்காம் தொட்டி காலை 7 முதல் 11.30 வரை காலி. மின்தடை நேரம் மாறியது. ஸ்கிரிப்டில் மோட்டார் நேரம் மாற்றப்படவில்லை. பொறுப்பு: நான்.’

பதினெட்டு என்றால் குழந்தைக்கு ஏழாம் நாள்.

அவள் அந்த அறையின் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மதிய இடைவேளையில் பேட்டரி அறைக்குப் பக்கத்துப் படிக்கட்டில் நின்று அந்த எண்ணுக்குப் போன் செய்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

“சொல்லு” என்றார். அவள் எண்ணும் அவரிடம் இருந்தது.

“நல்லாருக்கீங்களா?”

“ம்.”

“ஸ்கிரிப்ட் எல்லாத்தையும் மாத்தறோம். நம்பரெல்லாம் வெளியில எடுக்கறோம். உங்க நம்பர் ஒண்ணு உள்ள இருந்துச்சு.”

அந்தப் பக்கம் ஏதோ வண்டி போகிற சத்தம் கேட்டது.

“நாலாவதுலயா?” என்றார்.

“நாலாவதுலதான். லாக் புக்கும் பாத்தேன்.”

வைத்துவிடுவார் என்று நினைத்தாள். அவர் வைக்கவில்லை. பேச ஆரம்பித்தார். ஒரே மூச்சில் அவர் அத்தனை பேசி அவள் கேட்டதே இல்லை.

“மோட்டார் நேரத்தை நான் உள்ளயே எழுதி வச்சிருந்தேன். கரண்ட் நேரம் மாறுதுன்னு முதல் நாளே லெட்டர் வந்துடுச்சு. நான் ஆஸ்பத்திரியில உக்காந்திருந்தேன், பாக்கல. நாலரை மணி நேரம் தண்ணி இல்ல. நர்ஸுங்க கை கழுவாம எத்தனை குழந்தையைத் தொட்டாங்களோ. ரெண்டு நாள்ல அவளுக்குக் காய்ச்சல் வந்துடுச்சு.”

அவளுக்கு என்றார். பன்னிரண்டு வருடத்தில் குழந்தையைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல் அது.

“அன்னைக்கு அந்த வார்டுல தண்ணி வர்றது நிக்கவே இல்லைங்க” என்றாள்.

“நீ எனக்காகச் சொல்ற.”

“உங்களுக்காகப் பொய் சொல்ற இடத்துல நான் இப்ப இல்ல.” அவள் ஒரு படி கீழே இறங்கி நின்றாள். “அவளைத் தொடறதுக்கு என்னை முதல் தடவையா விட்டது அன்னைக்குத்தான். பதினெட்டாம் தேதி, காலையில எட்டு மணி. வளையலைக் கழட்டாம கை கழுவிட்டேன்னு நர்ஸ் திட்டினா. முழங்கை வரைக்கும் மறுபடி கழுவ வச்சா. ஒன்பதரைக்குப் போனேன், அப்பவும் கழுவினேன். பதினோரு மணிக்கும் கழுவினேன். குழந்தைங்க வார்டுக்கு மொட்டை மாடியில தனித் தொட்டி. குழாய் நல்லாத்தான் வந்துச்சு. அந்தத் தேதியை நான் மாத்திச் சொல்வேனா?”

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

“நுரையீரல் வளரலைன்னு டாக்டர் எழுதிக் கொடுத்தார். காய்ச்சல் இல்லாட்டியும் தங்கியிருக்காதுன்னு சொன்னார். பேப்பர் என்கிட்டதான் இருக்கு.”

“நான் அதைப் படிக்கவே இல்ல.”

“தெரியும். ஏன் படிக்கலைன்னுதான் தெரியல, இத்தனை நாளா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா அப்புறம் நீ என் முகத்தைப் பாத்திருப்பியா?”

அவர் சொல்லாமல் இருந்ததால்தான் அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் போனாள். அதை இப்போது சொல்லி யாருக்கு என்ன? போனில், “அப்பா” என்று ஒரு சின்னக் குரல் கேட்டது. “இரு, வரேன்” என்றார் அவர், போனைத் தள்ளிப் பிடித்து. பிறகு மெதுவாகக் கேட்டார்.

“இந்த வருஷம் ஒண்ணு மட்டும் அதை விட்டு வைக்க முடியுமா?”

அவரிடம் அவள் எதையும் யாசகமாகக் கேட்டதில்லை. அவரும் அவளிடம் கேட்டதில்லை.

“மாசக் கடைசிக்குள்ள முடிக்கணும். ஒருத்தர் நம்பரும் இருக்கக் கூடாதுன்னு உத்தரவு.”

“சரி” என்றார். பிறகு, “உனக்கு அவ விரலு ஞாபகம் இருக்கா?” என்றார். அவள் இருக்கிறது என்று சொல்வதற்குள் போன் துண்டிக்கப்பட்டிருந்தது. அவர் வைத்தாரா, தானாக நின்றதா என்று தெரியவில்லை. அவள் திரும்பக் கூப்பிடவில்லை. அவரும் கூப்பிடவில்லை.

இரண்டு வாரம் அந்த ஸ்கிரிப்டை மட்டும் தள்ளிப்போட்டாள். மற்றப் பதின்மூன்றும் முடிந்தன. ஜூலை இருபத்தெட்டாம் தேதி இன்ஜினியர் அம்மா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். நான்காவதில் அவளும் நூற்றுப் பன்னிரண்டாம் வரியில் நின்றாள்.

“இது என்ன பேரு? தொட்டி நம்பரும் இல்ல, வேலையும் இல்ல. யாரோ பொண்ணு பேரு மாதிரி இருக்கு?”

“ஆமா மேடம். மாத்திடறேன்.”

“ஆகஸ்ட்ல மட்டும் எதுக்கு நூறு? இந்தத் தேதிக்கு ஏதாவது காரணம் இருக்கா?”

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஆஸ்பத்திரித் தொட்டி, மேடம். வருஷம் முழுக்கவே தொண்ணூத்தஞ்சுக்குக் கீழ போகாம வச்சுக்கலாம். மோட்டார் தாங்கும், நான் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்.”

“அதுதான் சரி” என்றாள் இன்ஜினியர் அம்மா. எழுந்தவள், லெவல் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்க வந்தாள். கேட்காமல், மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போனாள்.

அவள் தேதிகளை எடுத்தாள். எண்ணை எடுத்தாள். பெயர் மூன்று இடத்தில் இருந்தது. மூன்றாவதை அழிக்கும்போது கை நின்றுவிட்டது. அந்தப் பெயர் உலகத்தில் எழுதியிருந்தது அந்த ஸ்கிரிப்டில் மட்டும்தான். பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் இல்லை, எந்த நோட்டுப் புத்தகத்தின் அட்டையிலும் இல்லை. அவள் அதை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு அழித்துவிட்டு, ‘தொட்டி நான்கு, குறைந்தபட்ச மட்டம்’ என்று எழுதினாள். ஃபைலில் இந்தப் புதுப் பெயருக்கு எதிரே 95 என்று போட்டாள். ஓட்டிப் பார்த்தாள். பிழை இல்லாமல் ஓடியது.

ஆகஸ்ட் வந்தது. பன்னிரண்டாம் தேதி காலை முதல் நான்காம் தொட்டியில் தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழு என்று நின்றது. யாருக்கும் செய்தி போகவில்லை. போக வேண்டிய அவசியம் இல்லை. அவள் தன் போனை மேசை மேல், முகம் மேலே பார்க்க வைத்துக்கொண்டாள். பதினொரு நாளும் வால்வு ஆட்கள் கூப்பிட்டார்கள், அக்கா கூப்பிட்டாள். அவர் கூப்பிடவில்லை. அங்கே அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாரா, அல்லது அவள் சொன்னதை நம்பி ஒரு வருடமாவது நிம்மதியாகத் தூங்குவாரா என்று யோசித்தாள். கூப்பிட்டுக் கேட்கலாம். அந்த வீட்டில் ஒரு மனைவி இருக்கிறாள், ஒரு பையன் இருக்கிறான்.

இருபத்திரண்டாம் தேதி மாலை வீட்டுக்கு வந்தபோது அக்கா கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் இங்கே வந்த ஏழு வருடமாக அந்தத் தேதியில் அக்கா அவளோடு சேர்ந்து அந்த மனிதரைத் திட்டுவாள். கல் என்பாள், கட்டை என்பாள். அன்றும், “இன்னைக்காவது அந்தக் கல்லுக்கு ஞாபகம் வந்திருக்குமா?” என்று ஆரம்பித்தாள்.

“அவர் மறக்கலக்கா” என்றாள் இவள். “ஒரு வருஷம்கூட மறக்கல.”

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா குறுக்கே பேசாமல் கேட்டாள். கையில் இருந்த துண்டு பாதி மடிந்தபடியே நின்றது.

“பாவி மனுஷன். இதை அன்னைக்கே வாயைத் திறந்து சொல்லித் தொலைச்சிருந்தா?”

“நானும் வேற மாதிரி கேட்டிருக்கலாம்.”

“இப்பத் தெரிஞ்சு என்னடி பண்றது?”

“ஒண்ணும் பண்றதுக்கில்லக்கா.”

அதைச் சொல்லிவிட்டு அவள் அக்காவின் மடியில் குவிந்து கிடந்த துணிகளின் மேல் முகத்தை வைத்துக்கொண்டாள். அக்கா அவளை எழுப்பவில்லை. விளக்குப் போடுகிற நேரம் தாண்டியும் எழுந்து போகாமல், அவள் முதுகில் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.